கட்டளைவரிக் கருவிகளும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்: கிளிக் சட்டகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழிலக்கிய ஆய்வுகளில் எழுத்து, சொல், சீர் ஆகியவற்றின் எண்ணிக்கைகள் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. அவை எவ்வாறு பெறப்பட்டன என்பது பெரும்பாலும் பதிவுசெய்யப்படுவதில்லை. பைத்தான் நிரல்மொழியின் கிளிக் என்னும் சட்டகத்தைக் கொண்டு எளிய கட்டளைவரிக் கருவி ஒன்றை உருவாக்கும் முறையையும், அக்கருவி தமிழ் எழுத்தை எண்ணும்போது ஆய்வாளர் எடுக்க வேண்டிய முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுக்குத் திருக்குறள் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: கட்டளைவரி, சட்டகம், பைத்தான், ஒருங்குறி, எழுத்தெண்ணிக்கை, திருக்குறள்

முன்னுரை

திருக்குறளில் 42,194 எழுத்துகளும் 14,000 சொற்களும் உள்ளன என்னும் செய்தி பொது அறிவு நூல்கள் முதல் ஆய்வேடுகள் வரை காணப்படுகிறது. எந்தப் பதிப்பைக் கொண்டு எண்ணப்பட்டது, சந்தி பிரித்த பாடமா பிரிக்காத பாடமா, அளபெடை எழுத்தாகக் கொள்ளப்பட்டதா, எண்ணியது கையா கணினியா என்னும் வினாக்களுக்கு அச்செய்தியோடு விடை வருவதில்லை. ஆகவே அதனை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

இதற்கு நேர்மாறான எண் ஒன்றும் திருக்குறளில் உண்டு. நூல் முழுவதும் குறள்வெண்பாவால் ஆனது. ஒவ்வொரு குறளுக்கும் முதலடியில் 4, ஈற்றடியில் 3 என 7 சீர்கள். 1330 குறள்களுக்கு 9310 சீர்கள். இவ்வெண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஏனெனில் அது பெறப்பட்ட வழி எண்ணுடன் சேர்ந்தே நிற்கிறது. எழுத்தெண்ணிக்கைக்கும் சொல்லெண்ணிக்கைக்கும் இத்தகைய வழியைத் தர இயலுமா என்பதே இங்கு எழும் வினா. இயலும், அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

கட்டளைவரி ஏன்

கட்டளைவரி என்பது பொத்தான்களும் பட்டியல்களும் இன்றி, ஒரு வரியைத் தட்டச்சிட்டுக் கணினியைப் பணிக்கும் முறையாகும். யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1971ஆம் ஆண்டு முதலே கோப்பின் வரி, சொல் ஆகியவற்றை எண்ணும் டபிள்யூசி என்னும் சிறு கட்டளை உள்ளது. ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் குழாய் முறை, டக் மெக்கில்ராயின் முன்மொழிவின்படி 1973இல் யூனிக்ஸில் சேர்ந்தது. ஒரு கருவி ஒரு வேலையை மட்டும் செய்யட்டும் என்னும் கொள்கை அங்கிருந்து வளர்ந்ததாகும்.

ஆய்வாளருக்கு இம்முறையால் விளையும் பயன் விரைவு மட்டுமன்று. திரையில் பத்து இடங்களைச் சொடுக்கிப் பெற்ற முடிவை அடிக்குறிப்பில் எழுதிக் காட்ட இயலாது. கட்டளைவரியில் பெற்ற முடிவை எழுதிக் காட்டலாம். ஒரே வரி போதும். அவ்வரியைப் படிக்கும் மற்றொருவர் அதே கோப்பின்மேல் அதனை மீண்டும் இயக்கலாம்.

ஆனால் பழைய கட்டளைகளை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்துதல் பொருந்தாது. ‘தமிழ்’ என்னும் சொல் மட்டும் உள்ள கோப்பை டபிள்யூசியிடம் தந்தால், பைட்டுக் கணக்கில் 15 என்றும் குறியெண் கணக்கில் 5 என்றும் விடை கிடைக்கும். கோப்பின் இறுதியில் வரிமுறிவு இருந்தால் இரண்டிலும் ஒன்று கூடும். மூன்று என்னும் விடை எவ்வகையிலும் வாராது. எனவே தமிழுக்கெனத் தனிக்கருவி தேவைப்படுகிறது.

சட்டகம் ஏற்றுக்கொள்ளும் வேலை

ஒரு கட்டளைவரிக் கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, பயனர் தட்டச்சிட்ட வரியைப் படித்துப் பொருள்கொள்ளும் பகுதி. எது கோப்பின் பெயர், எது விருப்பத்தேர்வு, அக்கோப்பு உண்மையில் உள்ளதா, இல்லையெனில் என்ன செய்தி காட்டுவது என்பன இதில் அடங்கும். இரண்டாவது, உரிய பணியைச் செய்யும் பகுதி. எழுத்தெண்ணும் கருவிக்கு இரண்டாவது பகுதி பத்து வரிகளில் முடியும். முதற்பகுதி ஐம்பது வரிகளை விழுங்கும். இந்த முதற்பகுதியைத் தன்பால் எடுத்துக்கொள்வதே சட்டகத்தின் பணி.

பைத்தானில் இதற்கு மூன்று வழிகள் பரவலாக உள்ளன. ஆர்க்பார்ஸ் என்னும் தொகுதி 2010இல் வெளிவந்த 2.7ஆம் பதிப்பு முதல் மொழியுடனேயே வருகிறது. தனியே நிறுவ வேண்டியதில்லை. ஆர்மின் ரோனாகர் உருவாக்கிய கிளிக் 2014இல் வெளிவந்தது. செபாஸ்டியன் ராமிரேஸின் டைப்பர் 2019இல் கிளிக்கின் மேல் எழுப்பப்பட்டது. நிரலாக்கத்திற்குப் புதியவரான மொழியாய்வாளருக்குக் கிளிக்கே ஏற்றது. அதன் கட்டமைப்பைப் படித்த மாத்திரத்தில் கருவி என்ன செய்கிறது என்பது விளங்கும். ஆர்க்பார்ஸில் அமைப்புவரிகளும் பணிவரிகளும் இரு வேறிடங்களில் நிற்கும்.

கிளிக்கின் முறை வருமாறு. ஆய்வாளர் முதலில் ஒரு செயற்கூற்றை எழுதுகிறார். அது ஒரு கோப்பை ஏற்று, அதிலுள்ள எழுத்துகளை எண்ணி, விடையை அச்சிடும். அச்செயற்கூற்றின் தலைமேல் சில ஒருவரிக் குறிப்புகளைச் சேர்க்கிறார். ‘இது ஒரு கட்டளை’ என்பது முதற்குறிப்பு. ‘இதற்கு ஒரு கோப்பு வேண்டும், அது இருந்தே ஆக வேண்டும்’ என்பது இரண்டாவது. ‘அளபெடை என்றொரு விருப்பத்தேர்வு உண்டு, அதற்குச் சேர், விடு என்னும் இரண்டு மதிப்புகளே செல்லும்’ என்பது மூன்றாவது. எஞ்சியவற்றைச் சட்டகம் கவனித்துக்கொள்கிறது. கோப்பின் பெயரைத் தவறாகத் தந்தால் பிழைச்செய்தி காட்டும். அளபெடைக்கு மூன்றாவதொரு மதிப்பைத் தந்தால் மறுத்து, ஏற்கத்தக்கவை எவை எனச் சொல்லும். செயற்கூற்றின் உள்ளே முதல் வரியாக எழுதிய விளக்கத்தை எடுத்து உதவிப் பக்கத்தையும் தானே அமைக்கும்.

கருவியின் பெயர் ‘எண்ணி’ எனக் கொண்டால், அதனை இயக்கும் வரி இவ்வாறு அமையும்:

எண்ணி எழுத்து --அளபெடை விடு திருக்குறள்.உரை

இதில் ‘எழுத்து’ என்பது துணைக்கட்டளை. ‘சீர்’, ‘அடைவு’ எனப் பிற துணைக்கட்டளைகளையும் அதே கருவிக்குள் ஒரு குழுவாகச் சேர்க்கலாம். பைத்தானின் 3ஆம் பதிப்பு முதல் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தமிழ்ப்பெயர் இடலாம் என்பதால், கட்டளை மட்டுமன்றி நிரலின் உட்பகுதிப் பெயர்களையும் தமிழிலேயே எழுத முடிகிறது. மொழியின் அடிப்படைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும்.

சட்டகத்தின் எல்லையும் இங்கேயே தென்படுகிறது. உதவிப் பக்கத்தில் இரு பத்திகளை நேராக நிறுத்தக் கிளிக் குறியெண்களை எண்ணியே இடைவெளி விடுகிறது. தமிழில் குறியெண்ணின் தொகையும் திரையில் எழுத்து அடைக்கும் இடமும் ஒத்துப்போவதில்லை. ஆகவே பத்திகள் கோணலாகின்றன. இது அழகுக் குறைபாடு மட்டுமே, விடையைப் பாதிப்பதில்லை. எனினும், எழுத்து என்றால் என்ன என்பது சட்டகத்திற்குத் தெரியாது என்பதை இது காட்டிவிடுகிறது. அதனைச் சொல்லித்தர வேண்டியவர் ஆய்வாளரே.

எழுத்து எனப்படுவது எது

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிர்களுக்கும் ஆய்தத்திற்கும் அகரமேறிய மெய்களுக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் தனிக் குறியெண்களாகும். மரபிலக்கணத்தில் ‘க்’ என்னும் மெய் முதலில் நிற்க, அதனோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியிலோ ‘க’ முதலில் நிற்க, அதன்மேல் புள்ளி சேர்ந்து ‘க்’ ஆகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியுடன் ஏற்ற டேஸ்-16 குறியேற்றத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு என்பதால் இச்சிக்கல் அங்கே எழாது. ஆனால் ஆய்வாளர் கைக்கு வரும் மின்னூல்கள் ஒருங்குறியிலேயே உள்ளன. கருவியும் அதற்கே எழுதப்பட வேண்டும்.

பைத்தான் ஒரு தொடரின் நீளத்தைக் கேட்டால் குறியெண்களின் தொகையையே தரும். ‘யாதும்’ என்பதற்கு 6, எழுத்தோ 3. ‘கொற்றவை’ என்பதற்கு 7, எழுத்து 4. ‘எஃகு’ என்பதற்கு 4; எழுத்து 3. இவ்வேறுபாட்டுக்கு நிலையான விகிதம் ஏதும் இல்லையாதலால், தொகையை ஓர் எண்ணால் வகுத்துச் சரிசெய்ய முயல்வதும் பயனற்றது.

தீர்வு எளிது. ஒருங்குறி ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகையைத் தந்துள்ளது. உயிர், அகரமேறிய மெய், ஆய்தம் ஆகியன ‘எழுத்து’ வகை. துணைக்குறிகளும் புள்ளியும் ‘சார்குறி’ வகை. பைத்தானுடன் வரும் ஒருங்குறித் தரவுத் தொகுதியிடம் கேட்டு, எழுத்து வகையைச் சார்ந்தவற்றை மட்டும் எண்ணினால் மரபுவழி எழுத்தெண்ணிக்கை கிடைத்துவிடும். ‘க்ஷ’ இவ்விதியில் இரண்டாகக் கணக்கிடப்படும். பிற்கால நூல்களை ஆய்வோர் அதற்குத் தனிவிதி வகுக்க வேண்டும். குறளுக்கு அது தேவையில்லை.

ஆங்கிலவழிப் பாடங்களில் சொற்களைப் பிரித்தெடுக்கக் கற்பிக்கப்படும் தேடற்கோவை தமிழுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பைத்தானின் இயல்பான தேடற்கோவைத் தொகுதி, சார்குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. ‘தமிழ்’ என்பதை அது ‘தம’, ‘ழ’ என இரு சொற்களாக வெட்டும். பிழைச்செய்தி எதுவும் வாராது. எண் மட்டும் பெருகிக்கொண்டே போகும்.

கௌவையும் கெளவையும்

ஒரே தோற்றமுடைய சொல் கோப்பில் மூன்று வடிவங்களில் இருக்கக்கூடும் என்பதே தமிழ் மின்னூல்களில் மிகுந்த கவனத்தை வேண்டி நிற்கும் இடம். அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் ‘கௌவை’ என்னும் சொல் பயில்கிறது. அதே அதிகாரத்தின் 1144ஆம் குறளில் ‘கவ்வை’ என்னும் வடிவமும் உள்ளது. அது பாடத்தின் செய்தி, எண்ணத்தக்கது. ஆனால் ‘கௌவை’யே கோப்பில் எவ்வாறு பொறிக்கப்பட்டுள்ளது என்பது வேறொரு செய்தி.

முதல் வடிவத்தில் ககரத்தை அடுத்து ஔகாரக் குறி 3020 என்னும் ஒரே குறியெண்ணாக நிற்கும். இரண்டாவதில் அக்குறி 3014, 3031 என இரு துண்டுகளாக நிற்கும். இவ்விரண்டும் நிகரானவை என ஒருங்குறியே வரையறுத்துள்ளது. இயல்பாக்கம் என்னும் ஒற்றைக் கட்டளையால் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடலாம். சிக்கல் மூன்றாவதில் உள்ளது. தட்டச்சிட்டவர் எகரக் குறியையும் 2995 என்னும் ளகர எழுத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘கெளவை’ என்று எழுதியிருப்பார். கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாது. கருவிக்கோ அது கெ, ள, வை என மூன்று எழுத்து. இயல்பாக்கம் இதனைத் தொடாது. ஏனெனில் ளகரம் முறையான எழுத்தே.

இணையத்தில் உலவும் குறள் பாடங்களில் இவ்வடிவம் அருகியதன்று. அத்தகைய கோப்பில் ‘கௌவை’யைத் தேடினால் விடை சுழியமாக வரும். குறளில் இடம்பெறாத எழுத்துகள் இவையெனப் பட்டியலிடும் ஆய்வு ஒன்று அக்கோப்பை நம்பினால், ‘கௌ’ என்னும் எழுத்தையும் அப்பட்டியலில் சேர்த்துவிடும். அவ்வாறு விளையும் பிழை வள்ளுவருடையதுமன்று, பதிப்பாசிரியருடையதுமன்று.

எகரக் குறியும் ளகரமும் சேர்ந்து வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே எனத் தோன்றலாம். அது நோயினும் கொடிய மருந்தாகும். ‘தெளிவு’, ‘வெள்ளம்’ ஆகிய சொற்கள் சிதையும். ஒகரத்தையும் ளகரத்தையும் அவ்வாறே ‘ஔ’ ஆக்கினால் ‘ஒளி’ கெடும். ளகரத்தை அடுத்துத் துணைக்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் ஐயத்திற்குரியன எனக் கொள்ளுதல் ஓரளவு பாதுகாப்பானது. அவ்விடங்களையும் கருவி தானே திருத்தாமல், வரியெண்ணுடன் பட்டியலிட்டுக் காட்டுவதே முறை. ஆம், இல்லை எனக் கேட்டு விடைபெறும் வசதி கிளிக்கில் உண்டு. ஆயினும் விசைப்பலகையில் சொன்ன விடை மறைந்துபோகும். மற்றொருவர் மீண்டும் இயக்கும்போது வேறு விடை சொல்லக்கூடும். ஆய்வாளரின் முடிவுகளை ஒரு தனிக்கோப்பில் எழுதிவைத்து, அதனையும் கருவிக்கு ஓர் உள்ளீடாகத் தருதல் நன்று. திருத்தப்பட்டியல் அப்போது ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவும் அமையும்.

அளபெடையும் சந்தியும்

‘உறாஅதோ’ என்பதில் எழுத்து மூன்றா, நான்கா? நன்னூல் உயிரளபெடையைச் சார்பெழுத்துகள் பத்தினுள் ஒன்றாக வைக்கிறது. தொல்காப்பியத்தின் மூன்று சார்பெழுத்துகளில் அதற்கு இடமில்லை. 247 என்னும் வழக்கிலுள்ள தொகையிலும் அது சேராது. ஆகவே இரு கணக்குக்கும் இலக்கணச் சார்பு உண்டு. சொல்லின் நடுவே தனியுயிர் வருமிடத்தைக் கண்டறிந்து, விருப்பத்தேர்வுக்கேற்ப அதனைச் சேர்க்கவோ விடவோ கருவிக்குச் சொல்லலாம். இவ்விருப்பத்தேர்வுக்கு இயல்மதிப்பு தராமல், பயனர் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் எனக் கட்டாயமாக்குவது சாலச் சிறந்தது. கிளிக்கில் அதற்கு ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். எண்ணுபவர் தம் நிலைப்பாட்டை அறிந்தே எண்ணுவார்.

சந்தியின் விளைவு இதனினும் பெரிது. ‘எழுத்தெல்லாம்’ என்பது 7 எழுத்து. பிரித்து ‘எழுத்து எல்லாம்’ என அச்சிட்டால் 8. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த ஒவ்வோரிடமும் பிரிக்கும்போது ஓர் எழுத்து மிகும். வல்லினம் மிக்க இடத்தில் அம்மெய்யை நீக்கினால் ஓர் எழுத்துக் குறையும். எந்தக் கருவியாலும் இதனைத் தீர்க்க இயலாது. பதிப்பைக் குறிப்பிடாத எழுத்தெண்ணிக்கை ஆய்வுக்கு உதவாது என்பதற்கு இதுவே போதிய காரணம். சொல்லெண்ணிக்கையும் அவ்வாறே. வெண்பாவின் சீர் பிரிப்பைச் சொல்லெனக் கொண்டால் 9310 வரும். 14,000 வரவேண்டுமாயின் சீர்களுக்குள் சொற்கள் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். எவ்விதியின்படி என்பதே தெரியவேண்டியது.

கோப்பும் முனையமும்

கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 குறியேற்றத்தை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இல்லாவிடில் விண்டோஸ் கணினிகளில் வேறு குறியேற்றம் கொள்ளப்படக்கூடும். முனையத் திரைகள் பலவற்றில் தமிழ்த் துணைக்குறிகள் இடம்மாறித் தோன்றும். அது காட்சிக்குறைபாடேயன்றித் தரவுக்குறைபாடன்று என்பதால், வெளியீட்டைக் கோப்பில் எழுதிப் பார்த்தல் நலம். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிட்ட கோப்புகளில் ஒருங்குறித் தமிழ் எழுத்தே இராது. அத்தகைய கோப்பைத் தந்தால் கருவி சுழியம் என விடை சொல்லாமல், ‘இக்கோப்பில் ஒருங்குறித் தமிழ் இல்லை’ எனக் கூறி நின்றுவிட வேண்டும்.

சொல்லடைவு உருவாக்குவோர்க்கு வரிசைமுறை மற்றொரு சிக்கல். குறியெண் வரிசையில் 2984 நகரம், 2985 னகரம், 2986 பகரம். ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் வருகின்றன. பைத்தானின் இயல்பான வரிசைப்படுத்தல் இதனையே பின்பற்றுவதால், அகராதி வரிசைக்கு உரிய எழுத்துப்பட்டியலை நிரலில் தனியே தர வேண்டும்.

சோதனையும் பதிவும்

கிளிக்குடன் ஒரு சோதனை இயக்கியும் வருகிறது. முனையத்தைத் திறக்காமலேயே கருவியை இயக்கி, விடை எதிர்பார்த்தபடி உள்ளதா என ஒப்பிட அது உதவும். தமிழ் 3, கௌவை 2 (துண்டான வடிவத்திற்கும் 2), எஃகு 3, உறாஅதோ சேர்த்தால் 4 விட்டால் 3 எனப் பத்துப் பதினைந்து சொற்களைக் கொண்டு சோதனைத்தொகுதி ஒன்றை அமைத்தல் வேண்டும். நிரலில் ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் அதனை இயக்க வேண்டும்.

பாடக்கோப்பைச் சோதிக்கத் திருக்குறள் தன்னிலேயே அளவுகோலைக் கொண்டுள்ளது. ‘சீர்’ துணைக்கட்டளை 9310 எனக் காட்டாவிட்டால் கோப்பில் ஏதோ கூடியோ குறைந்தோ உள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உள்ளிட்ட மின்னூல் தொகுப்புகளில் முகப்புக்குறிப்பு, அதிகாரப் பெயர், குறளெண் ஆகியன பாடத்துடன் கலந்தே இருக்கும். அவற்றை நீக்காமல் எண்ணினால் தொகை மிகும். தொகை சரியாக வந்தாலும், ஒரு குறளில் கூடியதும் மற்றொன்றில் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம். ஆதலால் 7 சீர் அமையாத குறள்களைத் தனியே பட்டியலிடும் விருப்பத்தேர்வு ஒன்றும் வேண்டும்.

ஆய்வேட்டில் எண்ணிக்கை இடம்பெறும்போது அடிக்குறிப்பில் தரவேண்டியவை: பாடத்தின் அச்சுமூலம், இயக்கிய கட்டளைவரி முழுவதும், கருவியின் பதிப்பெண், பாடக்கோப்பின் ஷா-256 அடையாள எண். இறுதியாகச் சொன்னதைப் பைத்தானே கணக்கிட்டுத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். கருவியின் நிரலையும் பாடக்கோப்பையும் பின்னிணைப்பாகவோ பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ வைத்தால், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதே வரியைத் தம் கணினியில் இயக்கிப் பார்க்கலாம். விடை வேறாக வந்தால், வேறுபாடு பாடத்திலா, அளபெடை பற்றிய கொள்கையிலா, நிரலிலா என்பதை அவ்விடத்திலேயே கண்டுகொள்ளவும் முடியும்.